நடுக்கோட்டைத் தாண்டினால் விசில்

கார்விக் கல்லூரி, அயோவா
ஜனவரி 9, 1979

அன்புள்ள அக்கா,

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃபோன் பண்ணச் சொன்னாய். பண்ணவில்லை. விடுதி ஃபோன் நடுக்கூடத்தில் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதை அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். உன் மாமியார் ஒரு நிமிஷமாவது சமையலறையை விட்டு நகர்ந்தாரா, சொல்லு?

சுற்றி வளைத்தால் உனக்குக் கோபம் வரும். நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி மேல் அரசாங்கத்துக்குப் புகார் போயிருக்கிறது. பெண்கள் கூடைப்பந்து அணியில் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

கத்தாதே. முதலில் கேள். ஆண்கள் அணி ஆடி முடித்து, அவர்களுடைய இளையோர் அணி ஆடி முடித்து, விடுதிப் பையன்கள் பொழுதுபோக்குக்கு ஆடி முடித்த பிறகுதான் அரங்கம் எங்களுக்கு. நவம்பர் வரை வாலிபால் பெண்கள் போட்டுக் கிழித்த உடைதான் டிசம்பரிலிருந்து எங்கள் உடை. அதையும் விடுதித் தொட்டியில் நாங்களேதான் துவைக்கிறோம். பையன்களுக்கு வெளியூர் ஆட்டமென்றால் பஸ், டிரைவர், ஓட்டலில் தங்கல். எங்களுக்கு ஒரு பழைய வேன். பகலெல்லாம் நாலு வகுப்பு எடுத்து, ஆட்டத்துக்கும் நின்று, பிறகு எங்கள் கோச் மிஸ் ஸ்ட்ராண்டே அதை ஓட்டுகிறார். போன மாதம் திரும்பி வரும்போது ரோடு முழுக்கப் பனி. "பாடுங்கடி, நிறுத்தாதீங்க! நீங்க நிறுத்தினா நான் தூங்கிடுவேன்" என்றார். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கடைசியில் சோப்பு விளம்பரம் வரைக்கும் பாடினோம். சிரிக்கிற விஷயமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் அன்றைக்கு நான் முன் சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டுதான் பாடினேன்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்லூரி ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்து ஏழு வருஷமாகிறது. மிஸ் ஸ்ட்ராண்ட் அதைச் சொல்லிக்கொண்டு விளையாட்டுத் துறைத் தலைவர் ஹோல்கம்பிடம் போனார். "பசங்க டிக்கெட் வித்துக் குடுக்கறாங்க, மிஸ் ஸ்ட்ராண்ட். உங்க பொண்ணுங்க வேணும்னா கேக் வித்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேக்கும் விற்றுப் பார்த்தாயிற்று.

இன்னொன்று கேள், இது வேடிக்கை. நம் ஊர் ஆட்டம் என்னை விடமாட்டேன் என்கிறது. ஊரில் பெண்கள் ஆட்டம் பக்கத்துக்கு ஆறு பேர். தடுக்கிற மூன்று பேர் இந்தப் பாதியில், எறிகிற மூன்று பேர் அந்தப் பாதியில். நீயும் நானும் தடுக்கிறவர்கள். நடுக்கோட்டைத் தாண்டினால் விசில். இங்கே ஐந்து பேரும் தளம் முழுக்க ஓட வேண்டும், எல்லோரும் எறிய வேண்டும். மூன்றாம் வருஷத்தில் இருக்கிறேன், இன்னமும் பந்தோடு ஓடி வந்து கோட்டருகே கல் மாதிரி நின்றுவிடுகிறேன். "ஏ ஸ்டோர்லி, அந்தப் பக்கம் போக பாஸ்போர்ட் வேணுமா?" என்று கத்துகிறார்கள். நம் ஊர்ப் பெயரே எனக்குப் பெயராகிவிட்டது.

வெர்ன் அத்தானிடம் இப்போது சொல்லாதே. உன் மாமியாரிடம் சொல்லவே சொல்லாதே. அத்தானின் தம்பி டேல் இங்கே மல்யுத்த அணியில் இருக்கிறான், அவன் காதுக்குப் போனால் வம்பு. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. நீ ஒரு வார்த்தை எழுதினால் தெம்பாக இருக்கும்.

உன்
ஜனெல்


ஸ்டோர்லி
ஜனவரி 16

ஜனெல்,

யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதிய கடிதம் இன்றுதான் வந்தது. சங்கதி ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. சர்ச்சில் பிரசங்கம் முடிந்து கீழே காபி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், என் மாமியார் அத்தனை பேர் முன்னாலும், "உன் தங்கச்சி என் புள்ள சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாளாமே?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. காபி ஜாடியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். நீ என்னை அப்படி நிற்க வைத்தாய்.

உங்கள் ஹோல்கம்ப் மல்யுத்தப் பையன்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாராம்: "பொண்ணுங்களுக்குக் குடுக்கணும்னா யார்கிட்டேருந்தாவது புடுங்கணும். முதல்ல உங்க டீம்தான்." என் கொழுந்தன் அம்மாவுக்கு ஃபோன் பண்ணி அழுதிருக்கிறான். அந்தத் தடியன் அழுது நான் பார்த்ததே இல்லை. மல்யுத்தம் இல்லையென்றால் அவனுக்குக் கல்லூரி இல்லை, பன்றிக் கொட்டகைதான். அதை யோசித்தாயா?

வெர்ன் சாப்பாட்டு மேஜையில் பேசுவதே இல்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்க்கிறார். மாமியாருக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிட்டது, இனிமேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாதாம். நான் தீவனக் கடைக்கு வேலைக்குப் போவது எப்படி? கடைக்குப் போனால் முதலாளி ஆர்வில் ஒரு பக்கம். நாங்கள் டி மாயின் நகரத்தில் பள்ளிகளுக்கான மாநில இறுதி ஆட்டத்தில் ஒரே பாயிண்டில் தோற்றபோது வண்டிக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுத மனுஷன் அவர். அன்றைக்கு ஊரே கடையடைத்துவிட்டு வந்திருந்தது. அதே ஆர்வில் சொல்கிறார்: "மார்லிஸ், பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க ஆடுறது கண்ணுக்கு அழகு. அதுக்கப்புறம் என்னத்துக்கு? காலாகாலத்துல குடும்பம் குட்டின்னு ஆக வேண்டியதுதானே?" மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கடையில்தானே நிற்கிறேன்.

உன் பெயரை எடுத்துவிடு. மற்ற பத்துப் பேர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அவர்களுக்கு ஸ்டோர்லியில் அக்கா இல்லை. இன்னும் ஒன்றரை வருஷம், படிப்பை முடி, எங்காவது டீச்சராகப் போ. அந்த வேனில் ஏறாதே. பனி கொட்டுகிறது, நீ எந்த ரோட்டில் இருக்கிறாயோ என்று நான் ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு இதெல்லாம் விளையாட்டு.

மார்லிஸ்


கார்விக்
ஜனவரி 24

அக்கா,

விளையாட்டா? சரி, விளையாட்டையே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போனால் அலமாரியில் என் ஷூ இல்லை. வெளியே படிக்கட்டில் இருந்தது. தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள், இரண்டும் கல்லாக உறைந்து படியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் நான்கு மல்யுத்தப் பையன்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டேல் அதில் ஒருவன். அவன் ஊற்றியிருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் என்னைத் தெரியாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒன்பது வயதில் உன் கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பையன் இல்லையா அவன்? நான் மண்டியிட்டு ஷூவைப் பெயர்க்கிறேன், அவர்கள், "பாத்து, நகம் உடைஞ்சிடப் போவுது" என்கிறார்கள்.

பதினோரு பேரில் நான்கு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருத்தியின் அப்பா வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டே போய்விட்டார். நேற்று ஹோல்கம்ப் என்னை அறைக்கு அழைத்தார். கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்கார வைத்து, "டேல் உங்க அக்கா வீட்டுக்காரரோட தம்பியாமே. குடும்பத்துல நிம்மதி வேண்டாமாம்மா?" என்றார். இதையேதான் நீயும் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அவர் குரல்தான் கேட்டது.

நான் எடுக்கமாட்டேன். மல்யுத்தத்தை மூடச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. பையன்களை எங்கள் மேல் ஏவி விட்டுவிட்டு அவர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். அது உனக்குத் தெரியவில்லையா?

உனக்கு எப்படித் தெரியும்? நீயும் இதே கல்லூரிக்கு வந்தாய். ஒரு வாரம் தாங்கினாயா? அம்மா கைக் கோழி வறுவல் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். அத்தான் அந்தக் கதையை விருந்துக்கு விருந்து சொல்லி ஊரைச் சிரிக்க வைக்கிறார், நீயும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாய். ஒரு வாரம் நிற்க முடியாதவள் எனக்கு என்ன புத்தி சொல்வது?

ஜனெல்


ஸ்டோர்லி
ஜனவரி 31

ஜனெல்,

பார்சலில் ஷூ இருக்கிறது. என்னுடையது, அதிகம் போடாதது. உன் கால் எனக்கும் மேல் வளர்ந்திருந்தால் முன்னால் கொஞ்சம் கடிக்கும். உறைந்த ஷூவை அடுப்பருகே வைக்காதே, தோல் வெடித்துவிடும். செய்தித்தாளைத் திணித்து வை, நனைந்தால் மாற்று.

பெட்டியில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் இருக்கிறது.

வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மார்லிஸ்


கார்விக்
பிப்ரவரி 10

அக்கா,

ஷூ சரியாக இருக்கிறது. நீ திட்டி நாலு பக்கம் எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "எழுதுவதற்கில்லை" என்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோழி வறுவல் பேச்சை நான் எழுதியிருக்கக் கூடாது. புத்தி கெட்டுப் போய் எழுதிவிட்டேன். மன்னித்துவிடு.

இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. கன்சாஸ் சிட்டியிலிருந்து அரசு அதிகாரிகள் இந்த மாதம் இருபத்தேழாம் தேதி விசாரிக்க வருகிறார்கள். ஹோல்கம்ப் அவர்களுக்கு முன்கூட்டியே பதில் கொடுத்திருக்கிறார். அதை மிஸ் ஸ்ட்ராண்ட் எங்களுக்குப் படித்துக் காட்டினார். "நான் இங்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. இந்த ஸ்ட்ராண்ட் அம்மையார் வரும் வரை, தனக்கு ஓர் அணி வேண்டுமென்று எந்தப் பெண்ணும் என்னிடம் வந்து கேட்டதில்லை. ஆர்வமே இல்லாத இடத்தில் இவர் தூண்டிவிட்டார்." அதாவது பெண்களுக்கு ஆட ஆசையில்லையாம், ஆசையில்லாததால் அணி இல்லையாம், அணி இல்லாததால் குறையும் இல்லையாம்! வசந்தத்தோடு மிஸ் ஸ்ட்ராண்டை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு ஐம்பது வயது, அக்கா. வேறு எந்தக் கல்லூரி எடுக்கும்? படித்துக் காட்டி முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரி, சரி, எல்லாரும் என்ன கும்பலா நின்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? ஓடுங்கடி" என்றார். ஓடினோம்.

எங்களுக்கு முன்னால் யாராவது ஒருத்தி வந்து கேட்டிருந்தால் அவர் சொல்வது பொய் என்று ஆகும். நாங்கள் பழைய மாணவிகளைத் தேடினோம். நான்கு வருஷம் இருந்தவர்களுக்கு எதுவும் நினைவில்லை, இல்லாவிட்டால் எதற்கு வம்பு என்கிறார்கள். யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள்தான் ஏதோ அதிகப்பிரசங்கிகளா?

நேற்று ஆட்டத்தில் மறுபடியும் கோட்டருகே நின்றுவிட்டேன். வளையத்தின் அடியில் ஒரு ஈ, காக்காய் இல்லை, அப்படியே போய்ப் போட்டிருக்கலாம். கால் வரவில்லை. தோற்றோம்.

திரும்பும்போது வேன் ஒரு சுற்றுச் சுற்றிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

ஜனெல்


ஸ்டோர்லி
பிப்ரவரி 15

அன்புள்ள ஜனெல்,

இதை எழுதி இரண்டு தடவை அடுப்பில் போட்டுவிட்டேன். இது மூன்றாவது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், வெர்ன் கொட்டகையில் இருக்கிறார், ஒரு பெண்பன்றி குட்டி போடுகிற நேரம். அவர் உள்ளே வருவதற்குள் முடித்து உறையில் போட்டுவிட வேண்டும்.

ஒருத்தி கேட்டாள். நான்தான் கேட்டேன்.

அறுபத்தெட்டு செப்டம்பர். அங்கே வந்த மறுநாளே பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். கழுத்தில் விசிலோடு ஒரு ஆள் நின்றிருந்தார். அப்போது தலையில் முடி இருந்தது, பெயர் ஹோல்கம்ப். "சார், பொண்ணுங்க டீமுக்கு யார்கிட்ட பேர் குடுக்கணும்?" என்றேன். நான் டி மாயினில் ஆடியவள், பதினைந்தாயிரம் பேர் பார்த்தார்கள், என் படம் பேப்பரில் வந்தது. நான் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பி, "டேய், இங்க வாங்கடா! இந்தப் பொண்ணு டீம்ல சேர வந்திருக்கு" என்றார். எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் அழுதுவிட்டு வகுப்புக்குப் போயிருப்பேன். அவர் இரக்கப்பட்டார், ஜனெல். அதுதான் தாங்கவில்லை. "அவ்வளவு ஆசையா இருந்தா பக்கத்துலயே இரும்மா. பசங்களுக்குத் துண்டு மடிச்சுக் குடுக்க ஆள் வேணும்" என்றார். நான் சரி என்றேன்! பொங்கி எழுந்து பதில் சொன்னேனா? சரி சார் என்றேன். அந்த வாரம் முழுக்க வெள்ளைத் துண்டு மடித்தேன். நடுக்கோட்டுக்கு நேரே ஒரு பெஞ்சு, அதில் உட்கார்ந்து மூன்றாக மடித்து அடுக்கி வைப்பேன், பையன்கள் முகத்தைத் துடைத்து என் மடியிலேயே வீசுவார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் எழுந்து நின்றாலே பந்தைத் தொடவிட மாட்டேன். அதையும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒருநாள் பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. கையில் எடுத்தேன். எதிரே வளையம். நான் பள்ளியில் ஒரு தடவைகூட எறிந்ததில்லை, தடுப்பவளுக்கு அந்த வேலை இல்லை. கை துடித்தது. ஒரே ஒரு தடவை எறிந்தால் போதும் என்றிருந்தது. விசில் அடித்து, "பந்தைக் குடும்மா" என்றார். கொடுத்துவிட்டேன். அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன்.

என்ன காரணம் என்று அம்மா கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன், சாப்பாடு பிடிக்கவில்லை என்று. அதைக் கதையாக்கி ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், நிஜம் தெரிந்து சிரிப்பதைவிட இது பரவாயில்லை. வெர்னுக்கே தெரியாது. உனக்கு அனுப்பிய ஷூ அந்தக் கல்லூரிக்காக வாங்கியது.

உன் பெயரை எடுக்கச் சொன்னது டேலுக்காக மட்டும் என்று நினைக்காதே. உன்னையும் அங்கே நிற்க வைத்துச் சிரிப்பார்களே என்று எனக்குக் குலை நடுங்கியது. இப்போதும் நடுங்குகிறது.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது. உன் மிஸ் ஸ்ட்ராண்டிடம்கூட. நான் அங்கே வரமாட்டேன். வந்து அந்த ஆள் முன்னால் உட்கார்ந்து, "நான் துண்டு மடித்தேன்" என்று சொல்ல என்னால் ஆகாது. சொன்னால் ஆர்வில் கடையில் வைத்திருப்பாரா, மாமியார் வாசலில் சேர்ப்பாரா? நீ அதிகப்பிரசங்கி இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக மட்டும் எழுதினேன்.

வெர்ன் வருகிற சத்தம் கேட்கிறது.

அக்கா


கார்விக்
பிப்ரவரி 19

அக்கா,

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மிஸ் ஸ்ட்ராண்ட் தன் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார், அதைப் பார்த்தபோதும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் அழைக்கவில்லை. தகவலாக மட்டும் எழுதுகிறேன்: செவ்வாய்க்கிழமை, பழைய நூலகத்தின் மாடி அறை, காலை பத்து மணியிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிடுவார்கள். ஹோல்கம்ப் அந்த அறைக்குள் இருக்கமாட்டார்.

அன்றைக்குப் பனிப்புயல் இருக்கலாம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வராதே என்று சொல்லவும் எனக்கு மனசு இல்லை, வா என்று சொல்லவும் வாயில்லை.

உன் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போகப் போகிறேன்.

ஜனெல்


ஸ்டோர்லி
மார்ச் 3

அன்புள்ள ஜனெல்,

அன்றைக்கு உன்னிடம் பேசக்கூட முடியவில்லை. நான் சாட்சி சொல்லிவிட்டு இறங்கும்போது மாடிப்படியில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீ அழுத அழுகையில் என் கோட்டெல்லாம் ஈரம். அதற்குள் உன்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நீ வெளியே வருவதற்குள் புயல் நெருங்குகிறதென்று கிளம்பிவிட்டோம். அதனால் இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன், காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதத்தை வெர்ன் பார்க்கும்படி மேஜையில் விட்டது நான் வேண்டுமென்றே செய்ததா, மறதியா என்று எனக்கே தெரியவில்லை. "செவ்வாய்க்கிழமை என்ன?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், துண்டு வரைக்கும். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். போச்சு, அவர் அம்மா வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டி டயருக்குப் பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தினதும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கோழி வறுவல் கதையை ஊர்ல அதிகமா சொன்னவன் நான்தான்" என்றார். "ஆமா, நீங்கதான்" என்றேன். "இனிமே சொல்லல" என்றார். அவ்வளவுதான், ஜனெல். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாடி வராந்தாவில் ஹோல்கம்ப். எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா. நீங்க எந்தப் பொண்ணோட அம்மா?" என்றார். அம்மாவா! எனக்கு இருபத்தொன்பது வயது! பாதித் தைரியம் எனக்கு அந்த ஆத்திரத்தில்தான் வந்தது. "யாருக்கும் அம்மாவா வரல. உங்களுக்குத் துண்டு மடிச்சவ" என்றேன். அவருக்கு நினைவே வரவில்லை. சிரித்துக்கொண்டே முழித்தார். பத்து வருஷமாக நான் சுமந்தது அவர் தலையில் ஒரு தூசாகக்கூட இல்லை.

உள்ளே ஒரு அம்மாளும் ஒரு இளைஞரும். நடந்ததைச் சொன்னேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று சொன்னேன். அந்தப் பையன், "பள்ளியில எத்தனை பாயிண்ட் எடுத்தீங்க?" என்று கேட்டான். "ஒண்ணுகூட இல்ல" என்றேன். பேனாவை நிறுத்திவிட்டான். "எங்க ஊர்ல தடுக்கறவங்க நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது தம்பி. தாண்டினா விசில்" என்று விளக்கினேன். "அப்ப நீங்க நல்லா ஆடுவீங்கன்னு எப்படித் தெரியும்?" என்றான். "எனக்கு எதிரா ஆடினவங்களைக் கேளுங்க" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "டீம் இருந்திருந்தா நீங்க படிப்பை விடாம இருந்திருப்பீங்களா?" என்று கேட்டார். கீழே வண்டியில் வெர்ன் உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆமாம் என்று சொன்னால் அவர்கள் யாருமே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஆனாலும் அதுதான் உண்மை. "இருந்திருப்பேன்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். முழுப் பெயரும் ஊரும் கேட்டார்கள், கொடுத்தேன், கீழே கையெழுத்தும் போட்டேன். உன் பெயரை எடுக்கச் சொன்ன இடத்தில் என் பெயரும் இப்போது இருக்கிறது. முடிவு வருவதற்கு மாதக் கணக்கில் ஆகும், அதுவரை யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாதென்று கல்லூரிக்குச் சொல்வோம் என்றார்கள். மிஸ் ஸ்ட்ராண்டை அலமாரியில் சாமான்களைத் திரும்ப அடுக்கச் சொல். அதற்கப்புறம் என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

வெளியே வந்தால் வராந்தாவில் டேல். "அண்ணி" என்றான். "மல்யுத்தத்தை மூடச் சொல்லி நான் கேக்கலடா. கேட்டதா யாராவது சொன்னா, யாருன்னு சொல்லு, அவர்கிட்டயே போய்க் கேக்கலாம்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். ஷூ விஷயம் அவனை அரிக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. அவனாக வந்து பேசினால் விரட்டாதே.

நான் நேராக வண்டிக்குப் போகவில்லை. கால் அரங்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. யாரும் இல்லை. அந்தப் பெஞ்சு அதே இடத்தில்தான் இருக்கிறது, துண்டுகளும் அடுக்கியிருந்தன, யார் மடிக்கிறாளோ தெரியவில்லை. ஒரு பந்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். நடுக்கோட்டில் என் காலும் நின்றுவிட்டது, ஜனெல்! உன்னைக் கிண்டல் பண்ணுகிற பெண்களிடம் போய்ச் சொல், இது ஸ்டோர்லியில் எல்லோருக்கும் உள்ள வியாதி என்று. கோட்டின் மேல் நின்றுகொண்டு, யாராவது விசில் அடிப்பார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். யாரும் அடிக்கவில்லை.

முதல் தடவை பலகையைக்கூடத் தொடவில்லை. என்னைத் தேடி வெர்ன் வந்துவிட்டார். "ரோடு அடைச்சிடும்டி, பன்னி வேற குட்டி போட்டுக் கெடக்கு, வா" என்றவர், நான் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். உருண்டு போகிற பந்தையெல்லாம் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார். வேர்த்து விறுவிறுத்துப் போகும் வரை எறிந்தேன். விழுந்தது. வலையில் அது உள்ளே போகிற சத்தம் இருக்கிறதே, இந்தச் சத்தத்துக்காகத்தான் அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படிக் குதித்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

ஆர்வில் என்னைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், எதற்கென்று சொல்லவில்லை. மாமியார் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. பார்க்கலாம்.

போகிற அவசரத்தில் முகத்தைத் துடைக்க அந்த அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன், திரும்ப வைக்கவில்லை. ஹோல்கம்ப் தேடினால் என்னிடம் இருக்கிறது என்று சொல். சமையலறையில் நாற்காலி மேல் சுருட்டிப் போட்டிருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாம் எடுத்து மடிக்கப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை.

உன்
அக்கா